தோற்றவர் படம் போட்டீர்கள், ஜெயித்தவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் 29 அன்று நடந்த அயர்லாந்து பொதுத்தேர்தல் பற்றி உங்கள் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் பெட்டி கட்டி ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. 'தாதா எம்.பி. ஆவது நூலிழையில் தவறியது' என்று தலைப்பு, கூடவே தோற்ற வேட்பாளரின் படம். திருநெல்வேலியில் இருக்கும் என் அண்ணன் அதை மொபைலில் படம் பிடித்து அனுப்பி, "ஏல, இது ஒன் ஏரியாதான? அங்க என்னல நடக்கு?" என்று கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனதால் உங்களுக்கே எழுதிவிட்டேன்.

ஆமாம், என் ஏரியாதான். டப்ளின் சென்ட்ரல் தொகுதி. சம்மர்ஹில்லிலிருந்து பாலிபாக் பக்கம் இறங்கும் வழியில் ஒரு சின்னக் கடையில் காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்காருவேன், இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். பால், ரொட்டி, சிகரெட், லாட்டரிச் சீட்டு, அப்புறம் சாசேஜும் முட்டையும் அடைத்த நீள ரொட்டி. காலையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இந்த ரொட்டிக்காகவே வரிசையில் நிற்பார்கள். டீக்கடை பெஞ்சு இந்த ஊரில் இல்லை. அந்த வேலையை எங்கள் கவுண்டர்தான் பார்க்கிறது.

உங்கள் செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாலு வரியில் அடக்கியதில் தொகுதியே காணாமல் போய்விட்டது. படித்தவர்கள் என்ன நினைப்பார்கள்? டப்ளின்காரர்கள் எல்லாம் ஒரு தாதாவுக்குக் கொடி பிடித்தார்கள், ஏதோ அதிர்ஷ்டத்தில் நாடு தப்பியது என்றுதானே? நடந்தது அப்படி இல்லை.

இது நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. எதிர்க்கட்சித் தலைவி மேரி லூ மெக்டொனால்டும், அப்போது அமைச்சராகவும் யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் குழுவுக்குத் தலைவராகவும் இருந்த பாஸ்கல் டொனஹுவும் இங்கேதான் நின்றார்கள். இத்தனை பெரிய ஆட்கள் நின்றும் கேமராக்கள் எல்லாம் ஜெரி ஹட்ச் பின்னாலேயே ஓடின. 'மங்க்', அதாவது துறவி, என்பது அவருடைய பட்டப்பெயர். 2016இல் ரீஜென்சி ஹோட்டலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் 2023 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2024 அக்டோபரில் கறுப்புப் பண விசாரணை ஒன்றில் ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் கைதானார். ஒரு லட்சம் யூரோ ஜாமீன் கட்டி வெளியே வந்து, நேராக வேட்புமனு. எங்கள் கடைக்கு வரும் ஒரு டாக்ஸிக்காரருக்கு இதில் பிடித்த கதை வேறு. குற்றச்சொத்து மீட்புப் பிரிவை இங்கே சுருக்கமாக 'கேப்' என்பார்கள். அவர்களுக்கு ஹட்ச் ஒரு காலத்தில் 12 லட்சம் பவுண்டு வரிப் பாக்கி கட்டினார். அப்புறம் சொகுசுக் கார் கம்பெனி ஒன்று ஆரம்பித்து அதற்கு 'கேரி எனி பாடி' என்று பெயர் வைத்தார். முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அதுவும் 'கேப்'! 'யாரையும் ஏற்றிச் செல்வோம்' என்றும் படிக்கலாம், 'எந்தப் பிணத்தையும்' என்றும் படிக்கலாம். இதைச் சொல்லிவிட்டு டாக்ஸிக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

தேர்தலுக்கு வருகிறேன். நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியது 2022இல். கிலார்னியில் ஒரு பெரிய அரங்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று உறுதிமொழி எடுத்தோம். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அது வேறு கதை. உள்ளாட்சித் தேர்தலில் இங்கே வசிக்கும் யாரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், ஓட்டுப் போடலாம். 'டால்' என்கிற மக்களவைக்கு மட்டும் குடியுரிமை வேண்டும், பிரிட்டன்காரர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே இது எனக்கு முதல் டால் ஓட்டு.

வாக்குச்சீட்டு முழ நீளம். வேட்பாளர் பெயர், படம், கட்சிச் சின்னம், எதிரே ஒரு கட்டம். முத்திரை குத்துகிற வேலை இல்லை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எண் போடலாம். நம் ஊரில் ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடுவது இந்த முறையில்தான். இங்கே பால் வாங்க வருகிற பாட்டிக்கும் அதே உரிமை. நான் மூன்று பேருக்கு எண் போட்டேன். அதற்குமேல் யாரையும் அவ்வளவாகத் தெரியாது. போதும் என்று மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். நர்ஸாக வேலை பார்க்கும் என் மனைவி, இரவு டூட்டி முடிந்து வந்த தூக்கக் கலக்கத்திலும், ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் வரிசையாக எண் போட்டுவிட்டு வந்தாள். "எக்ஸாமா எழுதினே?" என்று கேலி செய்தேன். ஹட்சுக்கு நான் போடவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை எண்ண ஆரம்பித்தார்கள். ஆர்.டி.எஸ். மண்டபத்தில் எல்லாம் காகிதம், எல்லாம் கை. முதல் சுற்றில் மேரி லூவுக்கு 7,389. செல்லுபடியான ஓட்டுகளை ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் வரும் எண்தான் கோட்டா. அது 6,550ஐ ஒட்டி வந்தது, அவர் உடனே தேர்வாகிவிட்டார். அடுத்து டொனஹு, அதற்கடுத்து சமூக ஜனநாயகக் கட்சியின் கேரி கேனன். நாலாவது இடத்தில் ஹட்ச், 3,098 ஓட்டு. தொழிலாளர் கட்சியின் மரீ ஷெர்லாக் அவருக்கு அறுநூறு ஓட்டுக்கு மேல் பின்னால். உலகப் பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் விழித்துக்கொண்டன.

அப்புறம் கடைசியில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வருவார்கள். நீக்கப்பட்டவரின் சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அதில் அடுத்த எண் யாருக்குப் போட்டிருக்கிறதோ அவருக்குச் சேர்ப்பார்கள். பசுமைக் கட்சிக்காரர் போனார், ஃபியனா ஃபால் கட்சிக்காரர் போனார். ஒவ்வொருவர் போகும்போதும் ஷெர்லாக்கின் அடுக்கு உயர்ந்தது. ஹட்சின் அடுக்கும் உயர்ந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மண்டபத்துக்குள் வந்தபோது நிருபர்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடியதை டிவியில் பார்த்தோம். முடிவில் ஷெர்லாக் எண்ணூறுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவரைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, டிசம்பர் 2. ஷட்டரைத் தூக்கியவுடன் முதலில் வந்தது எங்கள் பூக்காரம்மா. பூ விற்றது எல்லாம் ஒரு காலத்தில், இப்போது முட்டி வலியோடு பிளாட்டில் தனியாக இருக்கிறார், பெயர் மட்டும் நிற்கிறது. பேப்பரை எடுத்தார். முதல் பக்கத்தில் ஹட்ச் படம். கவுண்டரில் டப்பென்று போட்டார். "நாலு சீட்டு. நாலாவதா வந்தான். இதுக்கு மேல என்னடா கணக்கு?"

எனக்கு அந்த நேரத்தில் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னாலேயே ஃபிப்ஸ்பரோ பக்கத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடி, ஐ.டி. ஆட்கள், சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றார்கள். அதே பேப்பரைப் பார்த்து அந்தப் பெண், "தப்பிச்சோம்ப்பா" என்று பெருமூச்சு விட்டாள். பூக்காரம்மா திரும்பி அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டிக்குச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பார்வையைத்தான் உங்கள் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

2023 நவம்பர் 23. பார்னல் சதுக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளையும் அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணையும் ஒருவன் கத்தியால் குத்தினான். குத்தியவன் வெளிநாட்டுக்காரன் என்று செய்தி பரவி, இரவுக்குள் ஊர் பற்றி எரிந்தது. பஸ், டிராம், கடைகள். குத்தியவனை ஹெல்மெட்டால் அடித்து வீழ்த்தியவரும் ஒரு வெளிநாட்டுக்காரர்தான், பிரேசிலிலிருந்து வந்த டெலிவரி இளைஞர். அதைக் கேட்க அன்று ராத்திரி தெருவில் யாருக்கும் காது இல்லை. வேலைக்கு வராத ஒருவருக்குப் பதிலாக அன்று மதியத்துக்கு மேலும் நான் கடையில் இருந்தேன். அவசரமாக ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். வெளியே வந்து நின்றால் கால் நகரவில்லை. என் தோல் நிறத்தை எங்கே ஒளிப்பது? அப்போது பூக்காரம்மா எதிரே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் கையை என் கையோடு கோத்துக்கொண்டு, முட்டி வலியோடு, என் வீட்டு வாசல் வரை நடந்து வந்தார். வழியில் முகமூடி போட்ட பையன்கள் சிலர் எதிரே வந்தார்கள். அவர்களில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் அம்மா தேடுறா, வீட்டுக்குப் போடா" என்று அதட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு தெருவின் மறுபக்கம் போனான்.

ஹட்சுக்கு 1 போட்டது இந்த அம்மாதான்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அவன் எங்க தெருவில பொறந்தவன்" என்றார். அவ்வளவுதான் பதில். ஆனால் இந்தத் தெருக்காரர்கள் இதைச் சொல்லும்போது அதற்குள் வேறொருவர் ஒளிந்திருக்கிறார் என்பதை இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்டேன். டோனி கிரெகரி. 1982 பிப்ரவரியில் இதே தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்தவர். கழுத்தில் டை கட்ட மாட்டேன் என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தவர். அன்று சார்லஸ் ஹாஹி பிரதமராக ஒவ்வொரு ஓட்டும் வேண்டியிருந்தது. கிரெகரி தன் ஓட்டுக்கு அமைச்சர் பதவி கேட்கவில்லை. என் மக்களுக்கு வீடு, வேலை, பள்ளிக்கூடம் என்று பத்துக் கோடி பவுண்டு அளவுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்கினார். துறைமுக வாரியத்தின் 27 ஏக்கர் நிலமும் அதில் உண்டு. அந்த அரசு நவம்பரிலேயே கவிழ்ந்தது. நிலத்தில் பின்னால் எழுந்தது நிதிச் சேவை மையம். பூக்காரம்மா வீட்டுப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அங்கே இவர்கள் தெருப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு சத்தம் வரும் மூக்கிலிருந்து. கிரெகரி 2009இல் இறந்தார். நம் ஆள் ஒருத்தன் உள்ளே போய் மேஜையைத் தட்டினால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் சாகவில்லை.

அதற்காக ஹட்சும் கிரெகரியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிரெகரி இதே தெருக்களில் ஹெராயின் விற்றவர்களை எதிர்த்து நின்றவர். ரீஜென்சியும் சேர்த்து, ஹட்ச் கும்பலுக்கும் அதன் எதிரிக் கும்பலுக்கும் நடந்த பகையில் பதினெட்டுப் பேர் செத்தார்கள், சம்பந்தமே இல்லாதவர்களும் அதில் உண்டு. தெருமுனையில் போலீஸ் துப்பாக்கியோடு நின்ற காலம் எனக்கே ஞாபகம் இருக்கிறது. "அந்தக் குடும்பங்களிடம் போய்ச் சொல்லச் சொல், நம்ம ஆளு என்று" என எங்கள் டாக்ஸிக்காரரே ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவரும் இதே தெருவில் பிறந்தவர்தான்.

சரி, 'நாலாவதாக வந்தவன் எங்கே போனான்' என்ற கேள்விக்குப் பதில் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு கட்சிக்காக 'டாலி' எடுக்கப் போவார். அதிகாரிகள் சீட்டை விரித்து அடுக்கும்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, எட்டிப் பார்த்து, 1 யாருக்கு என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவதுதான் வேலை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். அதிகாரபூர்வ முடிவு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே யார் தேறுவார் என்று சொல்லிவிடுவார்கள்.

மெஷின் வைத்தால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. வைத்துப் பார்த்தார்கள்! 2002இல் மூன்று தொகுதிகளில் சோதனை. டப்ளின் நார்த்தில் முன்னாள் நீதித்துறை அமைச்சர் நோரா ஓவன் தோற்றுவிட்டார் என்பதை, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், மேடையில் கேமரா முன்னால் வாசித்துவிட்டார்கள். அந்த முகத்தை இன்னும் பேசுகிறார்கள். பின்னர் ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கிய ஏழாயிரத்துச் சொச்சம் இயந்திரங்களும் கிடங்கில் தூங்கி, 2012இல் எழுபதாயிரம் யூரோ அளவுக்குப் பழைய இரும்புக்காரரிடம் போயின. "தோக்கிறதுக்கும் ஒரு டைம் குடுக்கணும்ல?" என்பது தபால்காரர் வாதம். நம் ஊர் ஆட்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், விவாதத்துக்குள் நான் வரவில்லை.

பூக்காரம்மா கேட்ட கேள்வியை அவரிடம் வைத்தேன். ஒரு லாட்டரிச் சீட்டைத் திருப்பிப் போட்டு இரண்டு கோபுரம் வரைந்தார். "இது ஹட்ச். அடியில அகலம், பாரு. அவன்மேல பாசம் இருக்கிறவன் 1 போட்டான். பாசம் இல்லாதவன் பத்தாவதாகக்கூடப் போடல, சும்மா விட்டுட்டான். இது ஷெர்லாக். அடி ஒல்லி. ஆனா பச்சைக் கட்சிக்காரனும் அவளுக்கு 3 போட்டான், ஃபியனா ஃபால்காரனும் 4 போட்டான். யாருக்கும் அவமேல உயிர் இல்ல, யாருக்கும் வெறுப்பும் இல்ல."

அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எத்தனை வரைக்கும் போட்ட?" என்றார்.

மூன்று என்றேன். யார் யார் என்றும் கேட்டார், சொன்னேன். பென்சிலை வைத்துவிட்டார். என்னுடைய மூன்று பேருமே கடைசிச் சுற்றுக்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். ஆகவே என் சீட்டு மூன்றாவது ஆளோடு தீர்ந்துபோயிருக்கிறது. ஹட்சா ஷெர்லாக்கா என்று தொகுதியே முடிவு செய்துகொண்டிருந்த நேரத்தில், என் ஓட்டு தனிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுத் தூங்கியிருக்கிறது. முதல் டால் ஓட்டு! பாஸ்போர்ட்டைக் கொடுத்து வாங்கிய ஓட்டு. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "எக்ஸாம் எழுதாதவங்க பெயில்தான்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இன்னொன்றும் உங்கள் செய்தியில் இல்லை. நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர்கள் 59.7 சதவீதம்தான், நூறு வருடத்தில் இவ்வளவு குறைந்ததில்லை என்கிறார்கள். எங்கள் தொகுதியில் அதைவிடக் குறைவு, பாதிக்குச் சற்று மேல். திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்களில் ஹட்சுக்காகக் கோபப்பட்டவர்களும் உண்டு, அவர் தோற்றதில் நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. அதிகம் பேர் இரண்டும் இல்லை. சிகரெட்டை வாங்கிக்கொண்டு, "எலெக்‌ஷனா? முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு 3,098ஐவிட இவர்கள்தான் அதிகம் உறுத்துகிறார்கள்.

நேற்றுக் காலை பூக்காரம்மா மறுபடி வந்தார். வழக்கமான ரொட்டி, பால். பையை மூடிவிட்டு நகராமல் நின்றார். வீட்டில் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை ஏறிக்கொண்டே போகிறதாம். பேத்தி வந்து தங்கினால் இருமுகிறாளாம். எழுதி எழுதிக் கொடுத்து அலுத்துவிட்டதாம். "அந்தப் பொம்பளை... அவனைத் தாண்டினவ... அவளும் கிளினிக் நடத்துவாதானே?" என்றார். கிளினிக் என்றால் இங்கே டாக்டர் இல்லை, தொகுதி மக்களின் குறை கேட்க உறுப்பினர் வந்து உட்காரும் இடம்.

நடத்துவார் என்றேன். பெயர் என்ன என்று கேட்டார். ஒரு ரசீதின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: மரீ ஷெர்லாக். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

உங்கள் செய்தியைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்தப் பெயர் அதில் இல்லை.

இப்படிக்கு,
நெல்லையிலிருந்து போன ஒரு வாசகன்,
டப்ளின்